சின்னப் பூச்சித் தொல்லை: மருந்தடித்தும் ஏன் குறைவதில்லை?

ஐப்பசியில் இரண்டு உழவு மழை பெய்துவிட்டால் போதும், கொங்கு நாட்டு உரக்கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் ஒரே கேள்விதான்: “சின்னச் சின்னதாக் கருப்பாப் பறக்குதுங்க, கண்ணுல மூக்குல வந்து உழுகுதுங்க, என்ன அடிச்சாப் போகும்?” கடைக்காரரும் இருக்கிற ஸ்பிரேயை எடுத்துக் கொடுக்கிறார். அன்று ராத்திரி தரையெல்லாம் பூச்சி செத்துக் கிடக்கிறது. நாலாம் நாள் பழையபடி மொய்க்கிறது. அடுத்த முறை இதைவிடக் காரமான மருந்து தேடிப் போகிறார்கள். சமையலறையிலும் குழந்தை தூங்கும் அறையிலும் நஞ்சு ஏறிக்கொண்டே போகிறது, பூச்சி குறைந்தபாடில்லை.

மருந்து வீரியமாகத்தான் இருக்கிறது. அடிக்கும் இடம்தான் தவறு. வீட்டைச் சுற்றும் சின்னப் பூச்சிகள் குறைந்தது ஐந்தாறு இனம். ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் பிறக்கிறது. பிறக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே ஈரத்தையும் அழுகலையும் நிறுத்திவிட்டால், பெரும்பாலான வீடுகளில் மருந்துக்கே வேலை இருக்காது.

அடிப்படை: பறப்பது கடைசிப் பருவம்

இந்தப் பூச்சிகளில் பெரும்பாலானவை ஈ வகையைச் சேர்ந்தவை. கொசுவும் அதே வகைதான். எல்லாவற்றுக்கும் முட்டை, புழு, கூட்டுப்புழு, இறக்கை முளைத்த பூச்சி என்று நான்கு பருவம் உண்டு. தின்று வளர்வதெல்லாம் புழுப் பருவத்தில் நடக்கிறது. இறக்கை முளைத்தபின் இணை சேர்ந்து முட்டையிடுவதுதான் முக்கிய வேலை. இதிலிருந்து நான்கு விஷயம் தெளிவாகிறது.

1. ஸ்பிரே, கொசுவத்தி, புகை எல்லாம் பறக்கிற பூச்சியை மட்டுமே தொடும். தொட்டி மண்ணுக்குள்ளும் குழாயின் உட்சுவரிலும் இருக்கும் முட்டைக்கும் புழுவுக்கும் அது போய்ச் சேராது. கோரையை மேலோடு அறுத்துவிட்டுக் கிழங்கை மண்ணில் விட்டால் எப்படித் தழைக்குமோ, அப்படித்தான் இதுவும்.

2. புழுவுக்குக் கால் கிடையாது, தோல் மெல்லியது. ஈரம் போனால் சுருண்டு செத்துவிடும். ஈரமும் அழுகலும் சேர்ந்து ஒரே இடத்தில் ஒரு வாரத்துக்கு மேல் கிடந்தால்தான் அது பிழைக்கும்.

3. இவற்றில் பல நெடுந்தூரம் பறக்கத் தெரியாதவை. குளியலறைச் சுவரில் உட்கார்ந்திருக்கும் பூச்சி பெரும்பாலும் அந்தக் குளியலறையிலேயே பிறந்தது. வீட்டு ஈ மட்டும் விதிவிலக்கு. அது சில கிலோமீட்டர் தாண்டியும் வரும். அதனால்தான் வெள்ளலூர் குப்பைக் கிடங்கைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டை எவ்வளவு துப்புரவாக வைத்தாலும் ஈக்குத் தப்ப முடியவில்லை.

4. நம் ஊர் வெப்பத்தில் எல்லாமே வேகமாக நடக்கும். 25 டிகிரி வெப்பத்தில் பழ ஈ முட்டையிலிருந்து பூச்சியாவதற்கு 8 முதல் 10 நாள் போதும். மாதம் ஒருமுறை வீட்டை ஒழுங்கு செய்பவர்களுக்கு அதற்குள் மூன்று தலைமுறை வந்துவிடும்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றில் பொள்ளாச்சி, பல்லடம், உடுமலைப் பக்கம் இந்தப் பூச்சிகளால் காற்றை எதிர்த்து நிற்க முடியாது. காற்று அடங்கி, வடகிழக்கு மழை மண்ணை நனைத்ததும் தலையெடுக்கின்றன. சாப்பிடும் இடத்தில் ஒரு மேசை விசிறியை ஓடவிட்டால் உடனே பூச்சி விலகுவதும் இதே காரணத்தால்தான். பிறப்பிடத்தைத் தேடி முடிக்கும்வரை ஆபத்தில்லாத உடனடி நிவாரணம் அந்த விசிறி.

எந்தப் பூச்சி என்று எப்படித் தெரிந்துகொள்வது

லென்ஸ் வேண்டாம். எங்கே உட்காருகிறது, விரட்டினால் என்ன செய்கிறது என்று ஐந்து நிமிடம் பார்த்தால் போதும்.

1. குளியலறைச் சுவரில் ஒட்டியபடி உட்காரும். கையை ஓங்கினால் அரையடி தள்ளிப்போய் மறுபடி உட்காரும். சாம்பல் நிறம், இறக்கையெல்லாம் மயிர், மேலிருந்து பார்த்தால் இதய வடிவம். இது சாக்கடை ஈ.

2. செடித்தொட்டியில் தண்ணீர் ஊற்றியதும் மண்ணிலிருந்து கிளம்பும். கணினித் திரை, ஜன்னல் கண்ணாடி மேல் ஊரும். கருப்பாக மெலிந்து, கால் நீண்டிருக்கும். இது பூசண ஈ.

3. பழக்கூடை, குப்பைக்கூடை மேல் வட்டமிடும். பழுப்பு உடம்பு, சிவப்புக் கண். இது பழ ஈ.

4. வாசலில், மாடு கட்டும் கட்டுத்தரையில் நிற்கும்போது கண்ணோரமும் புண்ணிலும் வந்து மொய்க்கும். பளபளப்பான கருப்பு, 2 மில்லிமீட்டர் அளவு. இது கண் ஈ.

5. பொழுது சாய்ந்ததும் விளக்கடியில் கூட்டமாகக் குவியும். பார்க்கக் கொசு, ஆனால் கடிக்காது. இது குளத்தில் பிறக்கும் கைரோனோமிட் பூச்சி.

6. முதுகு கூனி, பறப்பதைவிட வெடுக் வெடுக்கென்று ஓடுவது அதிகம். இந்தக் கூன் ஈ தரைத்தள வீட்டில் தொடர்ந்து வந்தால் தரைக்கடியில் கழிவுக்குழாய் உடைந்திருக்கலாம். பரணில் எலி செத்துக் கிடக்கவும் வாய்ப்புண்டு. ஸ்பிரே வாங்கும் முன் பிளம்பரைக் கூப்பிட வேண்டிய இடம் இது.

மூன்றாவதில் பலர் குழம்புகிறார்கள். மாங்காயையும் கொய்யாவையும் துளைத்து உள்ளே புழு வைக்கும் தோட்டத்துப் பழ ஈ வேறு, உருவத்தில் பெரியது. மெத்தில் யூஜினால் என்ற வாசனைப் பொருளைக் கொண்டு பொறி வைப்பது அந்த ஈக்குத்தான். அதே பொறியை வாங்கிச் சமையலறையில் தொங்கவிட்டால் ஒன்றும் விழாது.

குளியலறை: குழாய்க்குள் இருக்கும் வழுவழுப்பு

சாக்கடை ஈ தண்ணீரில் பிறப்பதில்லை. சோப்பு, தலைமுடி, உடம்பு அழுக்கு, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் சேர்ந்து குழாயின் உட்சுவரில் கருப்பாக, விரலால் வழித்தால் வழுவழுவென்று வரும் ஒரு படலம் இருக்கிறதே, அதற்குள் பிறக்கிறது. புழு அந்தப் படலத்தையே தின்று, அதற்குள்ளேயே கூடாகி, ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் பூச்சியாகி வெளியே வருகிறது.

எந்தத் துவாரத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. ராத்திரி எல்லோரும் குளித்து முடித்தபின் தரையைத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு வடிகால் சல்லடை மேலும் செல்லோடேப்பை ஒட்டும் பக்கம் கீழே பார்க்க ஒட்டுங்கள். காற்று போக ஓரத்தில் சின்ன இடைவெளி விடுங்கள். விடிந்து பார்த்தால் பூச்சி ஒட்டியிருக்கும் துவாரம்தான் பிறப்பிடம். ஒரு நாளில் ஒன்றும் ஒட்டாவிட்டால் தொடர்ந்து மூன்று நான்கு ராத்திரி பார்க்க வேண்டும்.

இனி சுத்தம். பலர் ஒரு சருவம் கொதிநீரையோ பினாயிலையோ ஊற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அவை படலத்தின் மேலாக வழுக்கிக்கொண்டு போய்விடும். உள்ளே இருக்கும் புழுவுக்குப் பெரிய சேதம் இல்லை. படலத்தைத் தேய்த்துப் பெயர்த்தால்தான் தீரும்.

1. சல்லடையைக் கழற்றி, அடியில் தண்ணீரைத் தேக்கி வைக்கும் நானி டிராப்பின் கிண்ணத்தை வெளியே எடுங்கள். தலைமுடியை வழித்து எறியுங்கள்.

2. பாட்டில் கழுவும் நீளப் பிரஷ்ஷால் சோப்புத்தூள் போட்டு உட்சுவர் முழுக்கத் தேயுங்கள். சல்லடையின் அடிப்பக்கத்தையும் விடாதீர்கள். படலம் அங்கேதான் தடிப்பாக இருக்கும்.

3. இதற்குப்பின் வெந்நீர் ஊற்றினால் பெயர்ந்தது அடித்துக்கொண்டு போகும். மூன்று வாரத்துக்கு, வாரம் இருமுறை இதைச் செய்யுங்கள்.

நானி டிராப்பில் எப்போதும் இரண்டு அங்குலம் போலத் தண்ணீர் நிற்கும்படிதான் செய்திருப்பார்கள். சாக்கடை நாற்றமும் பூச்சியும் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். ஆள் புழங்காத அறையில், பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட மாடிக் குளியலறையில், அது சில வாரத்தில் வற்றிவிடும். பிறகு செப்டிக் டேங்கிலிருந்து நேர்வழி கிடைத்தது போலத்தான். வாரம் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் போதும். ஊருக்குப் போகும்போது மேலே ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் போனால் தண்ணீர் மெதுவாகவே வற்றும். செப்டிக் டேங்கின் காற்றுக் குழாய் உச்சியில் வலை கட்டியிருக்கிறதா, மூடியில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே பெருகும் கொசுவுக்கும் இதுவே தடை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிளீச்சிங் பவுடரைப் போட்டுவிட்டு அதே துவாரத்தில் ஆசிட் ஊற்றக் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய சின்னக் குளியலறையில் அது நுரையீரலைப் பொசுக்கும், உயிருக்கே ஆபத்து.

மாடித்தோட்டம்: மேல் இரண்டு அங்குல மண்

கோவையிலும் திருப்பூரிலும் மாடித்தோட்டம் பெருகிய பிறகு வீட்டுக்குள் அதிகம் பார்க்கப்படும் பூச்சி பூசண ஈதான். செடி வைப்பதை யாரும் நிறுத்த வேண்டியதில்லை; தண்ணீர் விடும் முறையை மாற்றினாலே பாதிக்கு மேல் குறையும்.

பொள்ளாச்சிப் பக்கத்து நார் மில்களிலிருந்து வரும் தென்னை நார்க்கழிவுதான் குரோ பேக் என்ற செடிப் பைகளில் முக்கால்வாசி. தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரை அது பிடித்து வைக்கும். கோடையில் அது வரம். மழைக்காலத்திலோ மேல்பரப்பு காயவே காயாது, பூசணம் படரும். பெண் ஈ அங்கே நூறு, இருநூறு முட்டை வைக்கும். புழு பூசணத்தையும் மக்கிய இலைதழையையும் தின்னும். கூட்டம் அதிகமானால் இளவேரையும் கடிக்கும். வளர்ந்த செடி தாங்கிக்கொள்ளும். குழித்தட்டு நாற்றும் விதை முளைத்த மிளகாய், தக்காளிக் கன்றும் தாங்காது. காரணம் தெரியாமல் வாடித் துவளும். முட்டை முதல் பூச்சி வரை மூன்று நான்கு வாரம் ஆகும்.

சந்தேகம் இருந்தால் ஒரு உருளைக்கிழங்கைத் தடிப்பாக வெட்டி, வெட்டிய பக்கம் மண்ணில் படும்படி அழுத்தி வையுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்துத் திருப்பிப் பார்த்தால், கண்ணாடி போல உள்ளே தெரியும் வெள்ளைப் புழு நெளியும். தலை மட்டும் மிளகுக் கருப்பு. புழு இருந்தால் அந்தத் தொட்டிதான் பிறப்பிடம். எல்லாத் தொட்டியிலும் இருக்காது. பெரும்பாலும் நிழலில் இருக்கும் ஒன்றிரண்டில்தான் கூட்டமே இருக்கும். அவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டால் வேலை சுலபம்.

1. மேல் இரண்டு அங்குலம் காய்ந்தபின்தான் அடுத்த தண்ணீர். விரலை விட்டுப் பார்த்து ஊற்றுங்கள். கடிகாரம் பார்த்து ஊற்றாதீர்கள். நாற்றுக்கும் அதிகம் காயக் கூடாத செடிக்கும் தட்டில் தண்ணீர் வைத்து அடிவழியாக உறிஞ்ச விடலாம். மிச்சத்தை அரை மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும்.

2. மண் மேல் அரை அங்குலத்துக்குக் காய்ந்த ஆற்றுமணலோ சன்ன ஜல்லியோ பரப்புங்கள். முட்டை வைக்க வரும் ஈக்கு ஈர மண் கிடைக்காது.

3. மஞ்சள் ஒட்டு அட்டையை மண்ணுக்கு நெருக்கமாகப் படுக்கவோ குத்தியோ வையுங்கள். அது எண்ணிக்கையைக் குறைக்கும், கூட்டம் கூடுகிறதா குறைகிறதா என்று காட்டவும் செய்யும். அட்டையால் மட்டும் ஒழியாது.

4. புழுவைக் கொல்ல நுண்ணுயிர் மருந்து உண்டு: பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ் இஸ்ரேலென்சிஸ், சுருக்கமாக பி.டி.ஐ. 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் வற்றிக்கொண்டிருந்த ஒரு குட்டையில் கண்டெடுக்கப்பட்டது. கொசுப் புழுவுக்கு எதிராகச் சுகாதாரத் துறையினர் பயன்படுத்துவதும் இதைத்தான். தண்ணீரில் கலந்து மண்ணில் ஊற்றினால் இதைத் தின்ற புழுவின் குடல் சிதைந்துவிடும். மனிதருக்கும் மண்புழுவுக்கும் தேனீக்கும் தீங்கு இல்லை. உரக்கடையில் வெறுமனே “பி.டி.” என்று கேட்டால் பெரும்பாலும் குர்ஸ்டாகி என்ற வேறு வகையைத் தருவார்கள். அது காய்ப்புழு, இலைப்புழுவுக்கானது. ஈ வகைப் புழுவை ஒன்றும் செய்யாது. டப்பா மேல் இஸ்ரேலென்சிஸ் என்று இருக்கிறதா என்று படித்து வாங்குங்கள்.

இயற்கை உரம் போடுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. ஊறவைத்த கடலைப் புண்ணாக்குக் கரைசலை மண் மேல் ஊற்றி அப்படியே விட்டால் அது பூச்சிக்குப் போடும் விருந்து. சின்னக் குழி பறித்து ஊற்றி மண்ணால் மூடுங்கள். பஞ்சகவ்யம், மீன் அமிலம் ஊறும் டிரம்மின் வாயை வெறும் மூடியால் மூடினால் போதாது; இடுக்கு வழியாக ஈ புகுந்து முட்டை வைத்துவிடும். நெருக்கமான பருத்தித் துணியை இறுக்கிக் கட்ட வேண்டும். சிப்பிக் காளான் அறுத்து முடித்த பழைய வைக்கோல் உருளையை எருவாக வாங்கி வருபவர்கள் வெயிலில் நன்றாகக் காயப்போட்ட பிறகே மாடிக்கு ஏற்றுங்கள். காளான் குடில்களின் பெரிய எதிரி இதே பூசண ஈதான். அது உருளையோடு உங்கள் வீட்டுக்கும் வந்துவிடும்.

சமையலறை

பழ ஈக்குப் பழம்தான் வேண்டும் என்றில்லை. புளித்த எதுவும் போதும். வாழைத்தாரைத் தொங்கவிட்ட மூலை, அடியில் அழுகிய ஒரே ஒரு வெங்காயம், கழுவாமல் கிடக்கும் பால் கவர், ஈரமாகவே சுருட்டி வைத்த கரித்துணி. இட்லிக்கு அரைக்கும் வீடுகளில் கிரைண்டரின் பாத்திரத்தைத் தூக்கி, அடியில் மாவு வழிந்து காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கல்லைப் பளிச்சென்று கழுவிவிட்டு, அடிப்பகுதியை மாதக்கணக்கில் தொடாமல் விடுவதுதான் வழக்கம்.

பிடிப்பதற்குப் பொறி எளிது. டம்ளரில் நன்றாகக் கனிந்த வாழைப்பழத் துண்டு, கொஞ்சம் வெல்லம், கொஞ்சம் வினிகர், இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம். புளிப்பு வாசனைக்கு ஈ வரும். சோப்பு தண்ணீரின் மேல்பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடுவதால் உட்கார்ந்ததும் மூழ்கும். ஒரு நாளுக்கு மேல் பொறியை வைக்காதீர்கள். சோப்பு போடாமல் விட்டால் அந்த டம்ளரே பூச்சி பிறக்கும் இடமாகிவிடும்.

கண் ஈ: பொழுது சாய்ந்ததும் கயிற்றைப் பாருங்கள்

கிராமத்திலும் ஊரோரத்திலும் இருப்பவர்களுக்கு மிகப் பெரிய தொல்லை இதுதான். கடிக்காது. கண்ணீர், பீளை, மூக்குச்சளி, புண்ணின் நீர் இவற்றை நக்க வரும். பீளை வடியும் கண்ணிலிருந்து எழுந்து நேரே அடுத்த குழந்தையின் கண்ணில் உட்காருவதால் கண் நோயைச் சுமந்து பரப்பும். “மெட்ராஸ் ஐ” பெரும்பாலும் வைரஸால் வருவது, கையாலும் துண்டாலும் தொற்றுவதுதான் அதிகம். ஆனாலும் கண் ஈ மொய்க்கும் இடத்தில் கண் நோய்க்காரரைத் தனியே வைப்பது அவசியம்.

இதன் பழக்கம் ஒன்று நமக்குச் சாதகம். பகலெல்லாம் சிதறித் திரியும் கண் ஈ, பொழுது சாய்ந்ததும் தொங்குகிற மெல்லிய பொருளைத் தேடிப் போய்க் கூட்டமாக ஒட்டிக்கொள்ளும். ஓட்டு வீட்டின் தாழ்வாரத்தில் தொங்கும் ஒட்டடை நூல், துணிக்கொடி, பல்பு ஒயர், கூரையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை ஓலைக்கீற்று, இப்படி எதுவானாலும் சரி. டார்ச் அடித்துப் பார்த்தால் நூல் முழுக்கக் கருப்பு மணி கோத்தது போலத் தெரியும். அது ராத்திரி பெரும்பாலும் அசையாது. பகலில் ஆயிரம் முறை கையை வீசி விரட்டுவதைவிட, அந்த நேரத்தில் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் அந்த நூலை மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு இழுத்தால் நூற்றுக்கணக்கில் போய்விடும். ஸ்பிரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர் அடித்தாலும் சரி. மறுநாள் ஒட்டடையை முழுக்க அடித்துவிட்டு, ஒன்றிரண்டு கயிற்றை மட்டும் வேண்டுமென்றே விட்டு வையுங்கள். மிஞ்சியவை அங்கே வந்து சேரும்.

பிறப்பிடம் வெளியே இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் வடிந்து, சோற்றுப் பருக்கையோடு மண் கருத்து நசநசத்துக் கிடக்கும் இடத்தில் புழு வளர்கிறது. அந்தத் தண்ணீரை வாழைக்குத் திருப்பிவிடுவது நல்ல பழக்கம்தான். ஒரே மரத்தடியில் வருடக்கணக்கில் விட்டால்தான் கேடு. வாய்க்காலை மாற்றி மாற்றி விட்டு, மண்ணைக் கொத்திக் காயவிட வேண்டும். இடமிருந்தால் ஜல்லியும் ஓட்டுச்சில்லும் போட்டு மேலே மூடிய உறிஞ்சு குழி எடுத்து, தண்ணீர் மண்ணுக்கடியில் போகும்படி செய்யுங்கள்.

குளத்தோரக் குடியிருப்புகள்

உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர், குறிச்சிக் குளங்களின் அருகே வசிப்பவர்கள் மாலை விளக்குப் போட்டதும் சுவர் முழுக்கப் பூச்சி அப்புவதைப் பார்த்துக் கொசு என்று பயப்படுகிறார்கள். கொசுவுக்கு நீண்ட ஊசிமூக்கு இருக்கும், இதற்கு இருக்காது. ஆணின் உணர்கொம்பு இறகு போல விரிந்திருக்கும். கடிக்காது, சில நாள்தான் வாழும். ஆனால் செத்துக் காய்ந்த உடல் பொடியாகிக் காற்றில் கலப்பதால் ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சுத்திணறல் வரலாம். செத்ததைச் சீமாறால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து எடுப்பது நல்லது.

இதன் புழு குளத்துச் சேற்றில் இருக்கும் சிவப்புப் புழு. மனித ரத்தத்தில் உள்ள அதே ஹீமோகுளோபின் வகைப் பொருள் இருப்பதால் பிராணவாயு குறைந்த சேற்றிலும் பிழைக்கும். சாக்கடை கலக்கக் கலக்க, போட்டியாக வாழும் மற்ற உயிர்கள் அழிந்து இது மட்டும் பெருகுகிறது. ஆகவே தனிவீட்டுக்காரர் செய்யக்கூடியது வெளிச்சத்தை அடக்குவது மட்டும்தான்: பொழுது சாயும் நேரத்தில் ஜன்னலை அடைப்பது, வெள்ளை எல்.இ.டி. விளக்குக்குப் பதில் மஞ்சள் நிற விளக்கைப் போடுவது, வாசல் விளக்கைக் கதவுக்கு நேர் மேலே வைக்காமல் தள்ளி வைப்பது. மருந்துப் புகை அடிக்கச் சொல்லி மனுக் கொடுப்பதைவிட, குளத்தில் கலக்கும் சாக்கடையைத் தடுக்கச் சொல்லித் தெருவே சேர்ந்து மனுக் கொடுப்பதில்தான் பலன் இருக்கிறது. புகை சேற்றுக்குள் போகாது.

கட்டுத்தரை, பட்டி, கோழிப்பண்ணை

ஆடு மாடு வைத்திருப்பவர்கள் கடிக்கும் சின்னப் பூச்சி ஒன்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 1 முதல் 3 மில்லிமீட்டர் அளவே உள்ள கியூலிகாய்டஸ் பூச்சி சாணமும் மூத்திரமும் கலந்த சேற்றில் பிறந்து, பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை கடிக்கும். சாதாரணக் கொசுவலையின் கண் வழியாகவே நுழைந்துவிடும். செம்மறியாட்டுக்கு நீலநாக்கு நோயைப் பரப்புவது இதுதான். காய்ச்சல், உதடும் நாக்கும் வீங்குவது, மூக்கில் சளி, நொண்டுவது எல்லாம் அதன் அறிகுறி. மனிதருக்குத் தொற்றாது, ஆனால் மேச்சேரிக் கிடாய் வளர்ப்பவருக்கு ஒரு மழைக்காலத்திலேயே பெரும் இழப்பு வந்துவிடும். தடுப்பூசி இருக்கிறது. மழை தொடங்கும் முன்பே கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். பட்டியை மேட்டு நிலத்தில் போட்டு, ஈரம் ஊறும் முன் இடம் மாற்றுங்கள். கட்டுத்தரையில் வேப்பந்தழைப் புகை போடுவது அந்த நேரத்துக்குப் பூச்சியை விலக்கும். தரைக்கு மண் அடித்து மேடாக்கி, மூத்திரம் வழிந்தோட வாட்டம் கொடுத்தால்தான் பிறப்பது நிற்கும்.

நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் பிறக்கும் ஈயைப் பற்றியும் இதே கணக்குத்தான். கூண்டுக்கடியில் எச்சம் காய்ந்து குவிந்திருக்கும்வரை புழு வைக்காது. கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிளில் தண்ணீர் ஒழுகினாலோ சாரல் அடித்தாலோ எச்சம் நனைந்து இரண்டே நாளில் புழு நெளியும். புழுவின் தோலுரிப்பைத் தடுக்கும் சைரோமசின் மருந்தைத் தீவனத்தில் கலப்பது உண்டு. ஒழுகும் நிப்பிளை மாற்றாமல் மருந்தை மட்டும் நம்பும் பண்ணையைச் சுற்றியுள்ள வீடுகள்தான் அதிகம் தவிக்கின்றன.

தென்னைக்கடியில் கிளம்பும் வெள்ளைப் பூச்சியை இவற்றோடு சேர்க்க வேண்டாம். அது ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. இந்தியாவில் முதலில் 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில்தான் தென்பட்டது. சாறு உறிஞ்சும் பூச்சி, வீட்டுக்குள் பெருகாது. பூச்சிமருந்து அடித்தால் அதைக் கட்டுக்குள் வைக்கும் என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவியும் செத்துவிடும். ஓலையின் அடிப்பக்கம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவதும், மரத்தில் மஞ்சள் ஒட்டுப் பொறி கட்டுவதும், இலைமேல் படியும் கரும்பூசணத்துக்கு மைதா கரைசல் தெளிப்பதும்தான் முறை.

இந்த மருந்துகளைத் தொடாதீர்கள்

தொட்டி மண்ணில் ஒரு சிட்டிகை “திம்மட்” போடுவது, சாக்கடையில் “நுவான்” ஊற்றுவது என்ற பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. திம்மட் என்று பழகிய போரேட் குருணையும், நுவான் என்று பழகிய டைகுளோர்வாஸும் 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டவை. போரேட் வேர் வழியாகச் செடிக்குள் ஏறும் நஞ்சு. அந்தத் தொட்டியில் வளர்ந்த கீரையைக் குழந்தைக்குக் கடைந்து கொடுப்பதை நினைத்துப் பாருங்கள். தோட்டத்துச் சாளை வீட்டின் மூலையில் பழைய பாக்கெட் கிடந்தால் பயன்படுத்தித் தீர்க்க நினைக்காதீர்கள். கிணற்றிலோ வாய்க்காலிலோ கொட்டவும் கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைத்துவிட்டு, எப்படி அப்புறப்படுத்துவது என்று வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள்.

எத்தனை நாளில் குறையும்

பிறப்பிடத்தை அடைத்த மறுநாளே பூச்சி மறையாது. ஏற்கெனவே கூடாகிவிட்டவை பூச்சியாகி வெளியே வந்துகொண்டுதான் இருக்கும். பழ ஈ பத்து நாளில் அடங்கும். சாக்கடை ஈக்கு மூன்று வாரம் வரை ஆகலாம். பூசண ஈக்கு ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்தில் பலன் தெரியவில்லை என்று பாதியில் விடுபவர்கள்தான் மறுபடி ஸ்பிரேக்குப் போகிறார்கள்.

கெடு முடிந்தும் பூச்சி குறையவில்லை என்றால் கண்ணில் படாத இரண்டாவது இடம் ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் விடுபடுபவை இவை: ஃபிரிட்ஜின் பின்னால் தண்ணீர் சேரும் தட்டு, வாஷிங் மெஷினின் கழிவுநீர்க் குழாய் போய்ச் சேரும் இடம், ஏசி தண்ணீர் சொட்டி நனையும் சுவரோரம், சிங்க்குக்கு அடியில் இணைப்பு ஒழுகி ஊறிய பலகை, தண்ணீர் ஊற்றி மறந்துபோன மணிபிளாண்ட் பாட்டில், துடைப்பான் நின்று ஊறும் வாளி.